அவ்வையாக வந்த சண்முகம்



மயிலாப்பூர்ல இருந்து கோபாலபுரம் போறப்போ அவ்வை சண்முகம் சாலை வரும். பழைய பெயர் லாயிட்ஸ் ரோடு. அவ்வையும் சண்முகனும் ஒரே பலகையில் இருக்கிறார்களே என்று ரொம்ப நாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். அது ஒரு நாடக நடிகரின் பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த வருஷம் கந்த சஷ்டிக்கு எங்க தெருவில் நாடகம். எந்தக் கதை என்பதில் ஒரே சண்டை. கணக்குப் பார்ப்பவன் நான். காமெடி போட்டால்தான் கூட்டமும் நன்கொடையும் வரும்னு பிடிவாதமாக நின்றேன். அந்த நேரத்தில்தான் டி.கே. சண்முகம் அவர்களின் வாழ்க்கையைப் படித்தேன்.

1912-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் நடிகர். 1918-ல் ஆறு வயதுப் பிள்ளையாக, மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியில் அண்ணன்மாரோடு சேர்ந்தார். இந்தப் பையனுக்காகவே சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதினார் என்று சொல்வார்கள். கையில் இருக்கும் நடிகனுக்குப் பொருந்தும் கதை எது? கதையைத் தேர்ந்தெடுக்க அதுதான் முதல் பாடம்.

1925-ல் சகோதரர்கள் சொந்தமாகச் சபா ஆரம்பித்தார்கள். பெயர் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா. பெயரிலேயே நம்ம அப்பன்! கம்பெனி என்றால் சும்மா இல்லை. கம்பெனி வீட்டில் அத்தனை பிள்ளைகளுக்கும் சாப்பாடு போடணும், சீன், உடுப்பெல்லாம் ஊர் ஊராகத் தூக்கிப் போகணும். வசூல் இல்லையென்றால் அடுப்பு எரியாது. பழகின புராணக் கதைகளையே போட்டுக்கொண்டு பிழைத்திருக்கலாம்.

ஆனால் 1931-ல் தேசபக்தி போட்டார்கள். வெள்ளைக்காரன் தடை செய்த, வெ. சாமிநாத சர்மா எழுதிய பாணபுரத்து வீரன்தான் வேறு பெயரில் மேடை ஏறியது. அப்புறம் ஓர் ஏழைக் குடும்பத்தின் கண்ணீரைச் சொன்ன குமாஸ்தாவின் பெண். அதற்கு ராஜா உடுப்பு கிடையாது, நம்ம வீட்டு வேட்டி சேலைதான்.

1940-களில் அவ்வையார். காதல் இல்லை, வாலிபக் கதாநாயகன் இல்லை, கதை முழுக்க ஒரு கிழவி. முப்பது வயசு ஆண்மகன் நரைமுடி வைத்து, கூன் போட்டு அந்தக் கிழவியாகவே நின்றார். வசூலை மட்டும் பார்ப்பவர் தொடத் துணிவாரா? தமிழ்நாடு அவரை அவ்வை சண்முகம் என்றே அழைக்க ஆரம்பித்தது. 1955-ல் அரு. ராமநாதனின் ராஜராஜ சோழன். கமல்ஹாசனும் சிறுவயதில் இவர்களிடம் நாடகம் பழகியவர்தான். 1973-ல் சண்முகம் அவர்கள் மறைந்தார்.

எனக்குப் புரிந்தது இதுதான். என்ன கேட்கிறார்கள் என்பதோடு அவர் நிற்கவில்லை. இந்த நேரத்தில் எதைக் காட்டணும், நம்மால் எதைத் தாங்க முடியும் என்றும் பார்த்தார். கூட்டம் பின்னால் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நானே எழுந்து, காமெடி வேண்டாம், அவ்வையும் மாடு மேய்க்கும் பிள்ளை முருகனும் போடலாம் என்றேன். பணம் குறைந்தால் மைக் செட்டைச் சின்னதாக்கிக்கலாம். நாவல் மரம் அட்டையில் வெட்டியாச்சு. முருகனாக வர நாலு பசங்க போட்டி. அவ்வைக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கலை. சஷ்டிக்குள் அவனே அனுப்புவான்.

வேலும் மயிலும் துணை!