ஒட்டுப்படத்தில் எழுந்த கோபுரம்

மீஸ் வான் டெர் ரோ என்றதும் கட்டடக்கலை படித்த நம்மில் பலருக்குக் கண்ணாடியும் இரும்பும்தான் ஞாபகம் வரும். எனக்கு முதலில் ஞாபகம் வருவது கத்தரிக்கோலும் பசையும்! அந்தப் பக்கமிருந்தே அவர் கதையைச் சொல்கிறேன்.

1886-இல் ஜெர்மனியின் ஆகன் நகரில் ஒரு கல்தச்சரின் மகனாகப் பிறந்தார். கட்டடக்கலைப் பட்டம் கிடையாது. சுதை வேலைப்பாடுகளுக்குப் படம் வரைந்தே கை பழகியது. 1908-இல் பெர்லினில் பீட்டர் பெரன்ஸ் அலுவலகத்தில் சேர்ந்தார்.

1910-இல் ரைன் நதிக்கரையில், பிங்கன் அருகே, பிஸ்மார்க் நினைவுச் சின்னத்துக்கு ஒரு போட்டி. மீஸ் மாடல் செய்ததோடு விடவில்லை. அதைப் படமெடுத்து, அந்தக் குன்றின் புகைப்படத்தோடு இணைத்துவிட்டார். ஆற்றிலிருந்து அண்ணாந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்று நடுவர்களுக்குப் புரிய வேண்டுமே!

இது கேட்கத்தான் சுலபம். மனிதக் கண் 1.6 மீட்டர் உயரத்தில் என்று வைத்தால், 1:200 மாடலில் அது வெறும் 8 மில்லிமீட்டர். கேமராவை அங்கே கொண்டு போகணும். வெயில் இரண்டு படத்திலும் ஒரே பக்கமிருந்து விழணும். அடிவானம் பொருந்தணும். ஒன்று பிசகினாலும் கட்டடம் அந்தரத்தில் மிதக்கும்.

அடுத்து, பெர்லின் பிரீட்ரிக் தெரு ரயில் நிலையத்தருகே முக்கோண மனை. 1921-ஆம் ஆண்டின் போட்டி. தந்திக் கம்பிகளோடு மங்கிக் கிடந்த தெருவின் புகைப்படத்தின் மேல் 20 மாடிக் கண்ணாடிக் கோபுரத்தைக் கரிக்கோலால் எழுப்பினார். பரிசு கிடைக்கவில்லை. கட்டடமும் வரவில்லை. ஆனால் அந்தப் படத்தை இன்றும் உலகம் பார்க்கிறது.

1922-இன் கண்ணாடி மாடலுக்குக் கீழே பழைய பாணி வீடுகளையும் செய்து வைத்துப் படமெடுத்தார். அக்கம்பக்கம் இருந்தால்தானே உயரம் தெரியும்?

1928-இல் அலெக்சாண்டர் சதுக்கப் போட்டி. வானிலிருந்து எடுத்த படத்தில் தன் கட்டடங்களைப் பதித்தார். வட்டமான போக்குவரத்துத் திட்டத்துக்கு அவர் வளையவில்லை, வாய்ப்பும் நழுவியது. அங்கே பிறகு கட்டியவர் யார் தெரியுமா? அவருடைய பழைய முதலாளி பெரன்ஸ்தான்!

1930 முதல் 1933 வரை பௌஹௌஸ் பள்ளியின் இயக்குநர். 1938-இல் சிகாகோ. பட்டம் இல்லாத அந்த மனிதர் 1958 வரை அங்கே கட்டடக்கலைத் துறைத் தலைவர்! 1942-இல் ஒரு விமானத் தொழிற்சாலையின் உட்புறப் படத்தில் தாள்களை ஒட்டியே இசையரங்கு ஒன்றைக் காட்டினார். 1969-இல் மறைந்தார்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தெருவை இருட்டாக்கினால் கோபுரம் தானாகவே பளிச்சிடும். ஒட்டுப்படத்துக்கு அந்த வசியம் உண்டு. இன்று கம்ப்யூட்டரில் நொடியில் ஒட்டிவிடலாம். பக்கத்து வீட்டையும் மின்கம்பத்தையும் அழிப்பது அதைவிடச் சுலபம். அழிக்காதீங்க. படத்தை நம்பிக் காசு போடுகிறவர், கட்டி முடித்த பிறகு அதே இடத்தில் நின்றுதான் பார்க்கப் போகிறார்.