நள்ளிரவில் நடந்த தூது

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலக் கரையில், பாலாவித் தீர்த்தத்தின் அயலே விளங்குவது திருக்கேதீச்சரம். மாதோட்டம் என்னும் பழந்துறையின் திருக்கோயில் அது. ஈழத்துத் தலங்களுள் தேவாரப் பதிகம் பெற்றவை இரண்டே. ஒன்று திருக்கோணமலை, மற்றையது இது. ஞானசம்பந்தர் பாடிய இத்தலத்தைப் பின்னர்ச் சுந்தரமூர்த்தி நாயனாரும் பாடினார். இருவரும் கடல் கடந்திலர். இராமேச்சுரக் கரையில் நின்றபடியே பாடிப் பரவினர் என்பர் சேக்கிழார். ஆயினும் மரக்கலம் மலிந்த மாதோட்டக் கடலும் பாலாவிக் கரையும் சுந்தரர் பதிகத்திலே நாம் இன்று காண்பன போலத் தோன்றுகின்றன.

அன்று கடலை நோக்கி நின்ற சுந்தரரின் கண்கள் ஒருகால் ஒளியிழந்து மீண்டவை. இழந்தது காதலால், மீண்டபின் அவர் நாடிச் சென்றதும் காதலையே.

பிரிந்த காதலர் மீளக் கூடும் கதைக்கு எக்காலத்தும் வாசகர் மிகுதி. வார இதழ்த் தொடர்கதைகளை ஏளனமாகப் பேசும் புலவர்களும் அத்தகைய அத்தியாயம் வந்தால் தாளைப் புரட்டாமல் இருப்பதில்லை. ஆங்கிலத்திலே ஜேன் ஒஸ்ரின் எழுதி, அவர் மறைந்தபின் 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த நாவலொன்று, முன்பு மறுத்த காதலனை எட்டாண்டு கழித்து மீண்டும் சந்திக்கும் பெண்ணைப் பற்றியதே. காளிதாசன் சகுந்தலையை நாம் மறத்தல் இயலாது. முதற் காதலில் ஒருவரை ஒருவர் அறியார்; இரண்டாம் முறையோ குற்றம் அறிந்தும் ஏற்கின்றனர். கதையின் சுவை அங்கேயே பிறக்கின்றது. தமிழில் இச்சுவைக்குச் சுந்தரர் வரலாற்றை விஞ்சியது எனக்குத் தெரிந்து வேறில்லை.

திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில், ஆதிசைவ மரபில், சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாய்ப் பிறந்தவர் அவர். நரசிங்கமுனையரையர் என்னும் குறுநில மன்னர் அவரைத் தம் மாளிகையில் வளர்த்தார். காலம் எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்பது பலர் கொள்கை. புத்தூரில் சடங்கவியார் மகளை மணக்க இருந்த வேளையில் ஒரு முதிய மறையவர் அடிமையோலையுடன் வந்து மணத்தைத் தடுத்ததும், வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றதும், வென்றவர் இறைவனே என்று தெளிந்ததும் பள்ளிச் சிறாரும் அறிந்த கதை. மணப்பந்தரில் தனித்து விடப்பட்ட அம்மகள் நாவலூரரையே நினைந்திருந்து சிவலோகம் அடைந்தாள் எனச் சேக்கிழார் சுருங்கக் கூறி முடித்துவிடுவர்.

திருவாரூரில் பரவையாரைக் கண்டு காதலித்து மணந்தார் சுந்தரர். பின்னர்த் தலயாத்திரையாகத் திருவொற்றியூர் சென்றவிடத்துக் கன்னிமாடத்தில் இருந்து இறைவனுக்கு மாலை தொடுத்து வந்த சங்கிலியாரைக் கண்டார். பிரியேன் என்று சூளுரைத்தாலன்றி மணம் இல்லை என்றாயிற்று. இங்கே நம்பிகள் செய்த சூழ்ச்சியை மறைப்பதற்கில்லை. சந்நிதியில் சூளுரைக்கும்போது இறைவன் மகிழமரத்தடிக்குச் சென்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். இறைவனோ சங்கிலியாரிடம், மகிழின் கீழேயே சூளுறவு பெறுக என்று முன்னரே அறிவித்துவிட்டான்! மகிழடியில் உரைத்த சொல் பொய்யாதாயிற்று.

வேனில் வந்தது. ஆரூர் விழாவும் பரவையாரின் ஆடலும் பாடலும் நெஞ்சில் எழுந்தன. ஒற்றியூர் எல்லையைக் கடந்தார், கண்ணிரண்டும் மறைந்தன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஒன்று கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் வந்தது. ஆரூரில் வலக்கண்ணும் பெற்றார். தம்பிரான் தோழரல்லவா! வழியெல்லாம் அவர் பாடியவற்றில் பணிவும் உண்டு, நண்பனோடு பிணங்குவார் போன்ற உரிமையும் உண்டு.

கண் வந்தது, கதவு திறக்கவில்லை. ஒற்றியூர்ச் செய்தி பரவையாரை முன்பே எட்டியிருந்தது. சுந்தரரின் பரிசனங்கள் வாயிலைக்கூட அணுக முடியவில்லை. பின்பு சென்று பரிந்து பேசிய உலகியல் அறிந்த மாந்தரிடம், அவர் பொருட்டு இனியும் பேசினால் உயிர் நில்லாது என்று உறுதியாகக் கூறிவிட்டார். செய்வதறியாத சுந்தரர் நள்ளிரவில் இறைவனை நினைந்தார். ஆலயத்து அர்ச்சகர் வடிவில் இறைவன் ஆரூர்த் தெருவிலே நடந்து சென்று கதவைத் தட்டினான். பரவையார் திறந்து, வணங்கி, கேட்டார். கேட்டபின் மறுத்தார்.

தொல்காப்பியம் கற்போர் இவ்விடத்தில் சற்றே நிற்றல் வேண்டும். ஊடல் தீர்க்கும் வாயில்களாகப் பாணனும் விறலியும் தோழியும் வருதலையும், தலைவி வாயில் மறுத்தலையும் மருதத்திணையில் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். பாணன் மறுக்கப்பட்டுத் திரும்புவது இயல்பு. இங்கே திரும்பியவன் திருவாரூர்ப் பெருமான்! வந்தவன் யார் என்று அம்மையார் அறியார் என்பது உண்மையே. ஆயினும், அறிந்து அனுப்பிய புலவர் அவருடைய மறுப்பைச் சிறிதும் குறைத்துக் காட்டவில்லை. மாதவியிடமிருந்து மீண்ட கோவலனைக் கண்ணகி ஒரு புன்முறுவலோடு ஏற்றாள். அவர்களுக்கு வாழ நாள் கிடைத்திலது. பரவையார் அவ்வளவு எளிதாக ஏற்றிலர். அதனாலேயே அவர் ஏற்றபோது அந்த ஏற்புக்கு மதிப்பு உண்டாயிற்று.

இரண்டாம் முறை இறைவன் தன் வடிவோடும் பூதகணங்களோடும் தேவரோடும் வந்தான். மனை கயிலையாயிற்று. பரவையார் இசைந்தார். சுந்தரர் வந்தபோது மனையை அணிசெய்து, விளக்கேற்றி, வாயிலில் எதிர்கொண்டார்.

ஒரு பெண் பொருட்டு இறைவனை இரவில் நடக்க விட்டதை அறிந்து ஏயர்கோன் கலிக்காமர் கொதித்தார். அந்தச் சினம் நியாயமற்றது என்று எவர் கூறுவார்? சூலை நோயுற்று, சுந்தரரால் தீர்வதினும் மாய்வதே நன்றென உடைவாளால் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். வந்து கண்ட சுந்தரரும் அதே வாளைப் பற்ற, இறையருளால் உயிர்பெற்றெழுந்த கலிக்காமர் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். அன்று முதல் இருவரும் நண்பர்.

சேரமான் பெருமாள் ஆரூருக்கு வந்தபோது இருவருக்கும் விருந்து படைத்தவர் பரவையாரே. அந்தச் சேரமானோடு மதுரை வழியாகத் தென்திசை சென்றபோதுதான் சுந்தரர் இராமேச்சுரம் அடைந்து கேதீச்சரத்தைப் பாடினார். அவர் பாடிய கோயில் போர்த்துக்கேயர் காலத்தில் இடிபட்டது. அதனை மீட்டெழுப்புமாறு ஆறுமுக நாவலர் 1872ஆம் ஆண்டில் எழுதினார்; பழைய இலிங்கம் 1894இல் வெளிப்பட்டது.

நிற்க. வகுப்பில் இவ்வரலாற்றைக் கூறும்போதெல்லாம் மாணவர் கேட்பது பரவையாரைப் பற்றியன்று. ஒற்றியூரில் இருந்த சங்கிலியார் என்ன ஆனார் என்பதே அவர்கள் வினா. கயிலையில் ஆலாலசுந்தரராய் இருந்த அவரும் கமலினியும் அநிந்திதையும் காதல் கொண்டமையாலேயே மண்ணிற் பிறந்தனர் என்றும், கமலினி பரவையாராகவும் அநிந்திதை சங்கிலியாராகவும் தோன்றினர் என்றும் புராணம் விடையிறுக்கும். மாணவர் அதனைக் கேட்டு அமைதியுறுவதில்லை. ஆரூர்க் கதவு நள்ளிரவில் இருமுறை தட்டப்பட்டது. ஒற்றியூருக்கு எந்தத் தூதும் சென்றதாகப் பெரியபுராணத்தில் இல்லை. சுந்தரர் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானைமேல் கயிலை சேர்ந்தபின், இருவரும் பழைய பெயர் பெற்று உமையம்மைக்குப் பணிசெய்தனர் என்ற இடத்திலேதான் சங்கிலியார் பெயர் மறுபடியும் வருகின்றது.