செர்கே கொரோலியோவ்

செர்கே பாவ்லொவிச் கொரோலியோவ் (ஜனவரி 12, 1907 – ஜனவரி 14, 1966) சோவியத் ஒன்றியத்தின் ஏவூர்திப் பொறியியலாளரும் அந்நாட்டு விண்வெளித் திட்டத்தின் தலைமை வடிவமைப்பாளரும் ஆவார். உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் 1, நிலவின் மறுபக்கத்தை முதன்முதலாகப் படம்பிடித்த லூனா 3, முதல் மனிதரை விண்வெளிக்குக் கொண்டு சென்ற வஸ்தோக் 1 ஆகியவை இவரது தலைமையில் உருவாயின. ஆயினும் இவர் உயிருடன் இருந்தவரை இப்பணிகளோடு சேர்த்து இவரது பெயர் வெளியிடப்படவில்லை. சோவியத் மக்கள் அறிந்திருந்தது தலைமை வடிவமைப்பாளர் என்னும் பதவிப் பெயரை மட்டுமே.

இளமை

கொரோலியோவ் அன்றைய ரஷ்யப் பேரரசில் இருந்த, இன்று உக்ரைனில் உள்ள ஷித்தோமிர் நகரில் பிறந்தார். தந்தை பாவெல் கொரோலியோவ் ரஷ்ய இலக்கிய ஆசிரியர். தாய் மரியா. பெற்றோர் விரைவிலேயே பிரிந்துவிட்டதால் நேழின் நகரில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வளர்ந்தார். தந்தை இறந்துவிட்டதாகவே சிறுவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. தாய் ஒரு பொறியியலாளரை மறுமணம் செய்துகொண்ட பின் குடும்பம் கருங்கடல் துறைமுகமான ஒடெசாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்த கடல் வானூர்திப் படைப்பிரிவே இவருக்கு வானூர்தியின் மேல் ஆர்வத்தை ஏற்படுத்தியது. 17 வயதில் கிளைடர் ஒன்றை வடிவமைத்தார்.

1924 இல் கீவ் பல்தொழில்நுட்பக் கழகத்திலும் 1926 முதல் மாஸ்கோ பவுமன் உயர் தொழில்நுட்பப் பள்ளியிலும் பயின்றார். இவரது பட்டத் திட்டப்பணியை வழிநடத்தியவர் புகழ்பெற்ற வானூர்தி வடிவமைப்பாளர் அந்திரேய் துப்பொலேவ். இவ்விருவரும் பின்னர் எத்தகைய இடத்தில் மீண்டும் சந்திக்க நேர்ந்தது என்பது கீழே கூறப்பட்டுள்ளது.

ஏவூர்தி ஆய்வுக் குழு

1931 இல் பிரீட்ரிக் சாந்தருடன் சேர்ந்து மாஸ்கோவில் கிர்த் என்னும் ஏவூர்தி ஆய்வுக் குழுவை அமைத்தார். ஒரு கட்டடத்தின் நிலவறையே அதன் பணிமனை. உறுப்பினர் பலர் வேறு வேலைகளுக்குச் சென்றுவிட்டு மாலையில் ஊதியமின்றி உழைத்தனர். குழுவின் பெயரெழுத்துக்களை, சும்மா உழைக்கும் பொறியாளர் கூட்டம் எனப் பொருள்படும்படி அவர்களே விரித்துக் கேலி செய்துகொண்டனர். மிஹயில் திகன்ராவொவ் வடிவமைத்த கிர்த்-09 ஏவூர்தி 1933 ஆகஸ்ட் 17 அன்று நகாபினோவில் ஏவப்பட்டு சுமார் 400 மீட்டர் உயரம் எழுந்தது. அதே ஆண்டில் இக்குழு லெனின்கிராத் ஆய்வுக்கூடத்துடன் இணைக்கப்பட்டு ஏவூர்தி அறிவியல் ஆய்வுக் கழகம் ஆனது.

கைதும் சிறைவாசமும்

ஸ்டாலின் காலக் களையெடுப்பு இக்கழகத்தையும் விட்டுவைக்கவில்லை. கழகத் தலைவர் கிளெய்மியோனொவும் தலைமைப் பொறியாளர் லாங்கெமாக்கும் 1937 இல் கைதாகி 1938 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டனர். உந்துபொறி வல்லுநர் வலந்தீன் குளுஷ்கோ 1938 மார்ச்சில் கைதானார். முன்னரே கைதானவர்களிடம் வற்புறுத்திப் பெறப்பட்ட வாக்குமூலங்களில் கொரோலியோவின் பெயரும் இருந்தது. ஜூன் 27, 1938 அன்று இவரும் கைது செய்யப்பட்டார். நாசவேலை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, அடித்துத் துன்புறுத்தப்பட்டு, செப்டம்பரில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். குற்றச்சாட்டுக்கு எவ்வித அடிப்படையும் இல்லை.

1939 இல் சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் உள்ள கொலிமா பகுதிக்கு அனுப்பப்பட்டு, மால்தியாக் தங்கச் சுரங்க முகாமில் வேலை செய்தார். அங்கிருந்தது சில மாதங்களே. அதற்குள் ஸ்கர்வி நோயால் பற்களில் பலவற்றை இழந்தார். இதற்கிடையில் இவரது தாயும், புகழ்பெற்ற விமானிகளான வலந்தீனா கிரிசதூபவாவும் மிஹயில் குரோமொவும் செய்த முறையீடுகளால் வழக்கு மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. மாஸ்கோவுக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்ட இவருக்குத் தண்டனை எட்டாண்டாகக் குறைக்கப்பட்டதேயன்றி விடுதலை கிடைக்கவில்லை. கைதிகளான பொறியாளர்களைக் கொண்டு இயங்கிய வடிவமைப்பகம் ஒன்றில் சேர்க்கப்பட்டார். அதன் தலைவர், தாமும் ஒரு கைதியாகவே இருந்த இவரது பழைய ஆசிரியர் துப்பொலேவ். அங்கு து-2 குண்டுவீச்சு வானூர்தியின் பணியில் ஈடுபட்ட கொரோலியோவ், 1942 இல் கசான் நகரில் குளுஷ்கோவின் கீழ் வானூர்திகளுக்கான துணை ஏவூர்திப் பொறிகளில் பணியாற்றினார். 1944 ஜூலையில் விடுதலையானார். குற்றமற்றவர் என்ற முறையான அறிவிப்பு வந்ததோ 1957 ஏப்ரலில்தான்.

ஆர்-7 ஏவூர்தி

போர் முடிந்ததும் 1945 இல் ஜெர்மனிக்குச் சென்று வி-2 ஏவுகணைகளை ஆராய்ந்தார். 1946 முதல் மாஸ்கோவுக்கு அருகில் பொத்லிப்கியில் தொலைதூர ஏவுகணைகளின் தலைமை வடிவமைப்பாளராகப் பணியாற்றினார். கப்பூஸ்தின் யார் தளத்திலிருந்து 1947 அக்டோபரில் ஜெர்மன் வடிவ ஏவுகணை முதலில் செலுத்தப்பட்டது. ஆர்-1, ஆர்-2, ஆர்-5 என்பன அடுத்தடுத்து வந்தன.

இவரது பணிகளில் தலையாயது ஆர்-7 எனலாம். ஐந்து டன்னுக்கும் மேற்பட்ட அணுகுண்டு முனையைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டு செல்ல வேண்டும் என்பதே இராணுவம் விதித்த இலக்கு. அதற்கு இரண்டு கட்டங்கள் தேவை. ஆனால் மேல்வானில் இரண்டாம் கட்டப் பொறியைப் பற்றவைப்பது அன்று உறுதியற்ற செயலாக இருந்தது. எனவே நடுவில் ஓர் ஏவூர்தி, அதைச் சுற்றி நான்கு ஏவூர்திகள் எனக் கட்டி, எல்லாவற்றையும் தரையிலேயே ஒன்றாகப் பற்றவைக்கும் முறை கையாளப்பட்டது. பக்கத்தவை நான்கும் எரிந்து தீர்ந்து கழன்று விழுந்த பின்னும் நடுவில் உள்ளது தொடர்ந்து எரியும். பெரிய எரியறைகளில் சுடர் நிலையாக நிற்காத சிக்கலும் இருந்தது. ஒவ்வொரு பொறிக்கும் நான்கு சிறிய எரியறைகள் அமைத்து அதைக் குளுஷ்கோ தவிர்த்தார். ஐந்து பொறிகளுக்கும் சேர்த்து 20 முதன்மை எரியறைகள். எரிபொருள் மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும்.

1957 மே 15 அன்று நடந்த முதல் ஏவுதல் தோல்வியுற்றது. ஆகஸ்ட் 21 அன்று ஏவுதல் வெற்றி பெற்றது. போர்க்கருவி என்ற அளவில் ஆர்-7 அவ்வளவு பயன்படவில்லை. திரவ ஆக்சிஜனை நெடுநாள் நிரப்பி வைக்க இயலாது. ஏவுவதற்கு ஆயத்தம் செய்யவே பல மணி நேரம் ஆகும். மிகப் பெரிய ஏவுதளமும் வேண்டும். ஆனால் பளுவான குண்டைச் சுமக்கவென்று கொடுக்கப்பட்ட அதே வலிமை விண்வெளிப் பயணத்துக்கு நேராகப் பொருந்தியது. இதைக் கொரோலியோவ் தொடக்கத்திலேயே அறிந்திருந்தார். இராணுவத்தின் பணத்தில் தம் இளமைக் கனவை நிறைவேற்றிக்கொண்டார் என்று கூறினும் பிழையாகாது.

ஸ்புட்னிக்

முதலில் ஏவத் திட்டமிடப்பட்டது ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள ஆய்வுக்கூடச் செயற்கைக்கோளாகும். அதன் கருவிகள் உரிய காலத்தில் ஆயத்தமாகவில்லை. அமெரிக்கா முந்திக்கொள்ளும் என்று கருதிய கொரோலியோவ், மிக எளிய கோளம் ஒன்றை முதலில் அனுப்பலாம் என்று 1957 இன் தொடக்கத்தில் அரசிடம் ஒப்புதல் பெற்றார். 58 செ.மீ. விட்டமும் 83.6 கி.கி. எடையும் கொண்ட அக்கோளத்தில் மின்கலங்களும் வானொலிப் பரப்பியும் இருந்தன. வெளியே நான்கு அலைக்கம்பிகள். சாதாரண வானொலி ஆர்வலர்களும் கேட்கத்தக்க அலைவரிசையில் அது ஒலிபரப்பியது. அக்டோபர் 4, 1957 அன்று இன்றைய கசக்ஸ்தானில் உள்ள தியூராதாம் தளத்திலிருந்து (பைக்கனூர்) ஏவப்பட்ட ஸ்புட்னிக் 1, விண்வெளி யுகத்தைத் தொடங்கி வைத்தது. முதலில் திட்டமிடப்பட்ட பெரிய கோள் 1958 மே மாதத்திலேயே ஸ்புட்னிக் 3 ஆகச் சென்றது.

இடையில் நவம்பர் 3 அன்று லைக்கா என்னும் நாயுடன் ஸ்புட்னிக் 2 ஏவப்பட்டது. ஒரு மாதத்துக்குள் அவசரமாகச் செய்யப்பட்ட அக்கலத்தில் நாய் திரும்பி வருவதற்கு வழியே இல்லை. மிகுந்த வெப்பத்தால் அது சில மணி நேரத்திலேயே இறந்தது என்பது 2002 இல்தான் வெளியிடப்பட்டது. 1959 இல் லூனா 2 நிலவைத் தொட்டது, லூனா 3 அதன் மறுபக்கத்தைப் படம்பிடித்தது.

மனிதப் பயணங்கள்

வஸ்தோக் கலத்தின் இறங்கு பகுதி ஒரு கோளமாக அமைக்கப்பட்டது. அதன் எடைமையம் ஒரு பக்கமாகத் தள்ளி வைக்கப்பட்டதால், வளிமண்டலத்தில் நுழையும்போது எவரும் கட்டுப்படுத்தாமலேயே சரியான நிலைக்குத் திரும்பிவிடும். முயற்சிகள் எல்லாம் வெற்றியடையவில்லை. 1960 டிசம்பரில் இரு நாய்களுடன் சென்ற கலம் திரும்பும்போது அழிந்தது. 1961 மார்ச்சில் இரு சோதனைகள் வெற்றி பெற்ற பின், ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் 108 நிமிடப் பயணத்தை முடித்துத் திரும்பினார். 1963 இல் முதல் பெண்ணாக வலந்தீனா தெரெஷ்கோவா சென்றார்.

1964 அக்டோபரில் பறந்த வஸ்கோத் 1 பற்றி இவ்வாறு பெருமையாகச் சொல்ல இயலாது. ஒருவருக்கென வடிவமைத்த கலத்தை மாற்றி மூவர் அமர்த்தப்பட்டனர். இடமின்மையால் அவர்கள் விண்ணுடை அணியவில்லை. ஆபத்தில் தப்பும் இருக்கைகளும் இல்லை. அமெரிக்காவின் ஜெமினி கலத்தை முந்த வேண்டும் என்ற அவசரமே இதற்குக் காரணம். 1965 மார்ச் 18 அன்று அலெக்சி லியோனொவ் முதல் விண்வெளி நடையை மேற்கொண்டபோது விண்ணுடை உப்பிவிட, காற்றழுத்தத்தைக் குறைத்த பின்னரே அவரால் உள்ளே நுழைய முடிந்தது.

பெயர் மறைப்பு

ககாரினின் படம் உலகெங்கும் பரவியது. அவரை அனுப்பியவரின் பெயரோ அரசு இரகசியமாகவே இருந்தது. கொரோலியோவ் இருமுறை சோஷலிச உழைப்பு வீரர் பட்டமும் லெனின் பரிசும் பெற்றார். ஆனால் பிராவ்தா நாளிதழில் விண்வெளி பற்றி எழுதியபோது பேராசிரியர் கே. செர்கேயெவ் என்ற புனைபெயரிலேயே எழுத நேர்ந்தது. எதிரிநாட்டிடமிருந்து பாதுகாப்பு என்பது அரசு கூறிய காரணம்.

நிலவுத் திட்டமும் மறைவும்

மனிதரை நிலவில் இறக்கும் முடிவைச் சோவியத் அரசு 1964 ஆகஸ்டில்தான் எடுத்தது. அமெரிக்கா தொடங்கி மூன்றாண்டுகள் கடந்திருந்தன. இதற்கான என்-1 ஏவூர்தியின் எரிபொருள் குறித்துக் கொரோலியோவுக்கும் குளுஷ்கோவுக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. தாமாகவே தீப்பற்றும் நச்சு எரிபொருள்களைக் குளுஷ்கோ வலியுறுத்தினார். மனிதர் செல்லும் ஏவூர்திக்கு அவை ஆகா என்றார் கொரோலியோவ். இறுதியில் வானூர்திப் பொறி வடிவமைப்பாளரான நிக்கொலாய் குஸ்னெத்சொவ் செய்த சிறிய பொறிகள் 30 முதற்கட்டத்தில் பொருத்தப்பட்டன. செலவையும் காலத்தையும் மிச்சப்படுத்த, அவை முப்பதையும் ஒன்றாகத் தரையில் எரித்துப் பார்க்கும் சோதனைத்தளம் கட்டப்படவில்லை. இத்திட்டத்தின் மிகப் பெரிய பிழை இதுவே எனலாம்.

1966 ஜனவரி 14 அன்று மாஸ்கோவில் குடல் அறுவைச் சிகிச்சையின்போது கொரோலியோவ் காலமானார். சுகாதார அமைச்சராகவும் இருந்த மருத்துவர் பொரிஸ் பெத்ரோவ்ஸ்கி சிகிச்சை செய்தார். எளிய சிகிச்சை என்று கருதித் தொடங்கியபின் பெரிய புற்றுக்கட்டி காணப்பட்டது. விசாரணையின்போது முறிந்த தாடை சரியாகக் கூடாததால் மூச்சுக்குழாய் செலுத்துவது கடினமாயிற்று என்று பிற்காலக் குறிப்புகள் கூறுகின்றன. ஜனவரி 16 அன்று பிராவ்தா இவரது படத்துடன் இரங்கற்குறிப்பை வெளியிட்டது. யார் அந்தத் தலைமை வடிவமைப்பாளர் என்பதை மக்கள் அன்றுதான் அறிந்தனர். அஸ்தி கிரெம்ளின் சுவரில் வைக்கப்பட்டது.

பின்னர்

பொறுப்பேற்ற வசீலி மீஷின் தலைமையில் 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவப்பட்ட என்-1, நான்கு முறையும் முதற்கட்டம் எரிந்து முடியும் முன்பே அழிந்தது. 1974 இல் வடிவமைப்பகத்தின் தலைவரான குளுஷ்கோ அதைக் கைவிட்டார்.

ஆர்-7 இன் வழிவந்த சோயூஸ் ஏவூர்திகள் 21 ஆம் நூற்றாண்டிலும் விண்வெளி வீரர்களைக் கொண்டு சென்றன. 1984 இல் இந்தியாவின் ராகேஷ் சர்மா பறந்ததும், 1988 இல் ஐ.ஆர்.எஸ்-1ஏ செயற்கைக்கோள் ஏவப்பட்டதும் இக்குடும்பத்து ஏவூர்திகளிலேயே. கொரோலியோவ் பணியாற்றிய நகருக்கு 1996 இல் இவர் பெயர் சூட்டப்பட்டது. நிலவின் மறுபக்கத்தில் உள்ள பெரும்பள்ளம் ஒன்றும், செவ்வாயின் வட பகுதியில் ஆண்டு முழுவதும் பனிக்கட்டி நிறைந்திருக்கும் சுமார் 80 கி.மீ. அகலப் பள்ளம் ஒன்றும் இவர் பெயரைத் தாங்கியுள்ளன.