ஸர் ஐஸக் நியூட்டன்

ஆப்பிள் பழம் விழுந்த கதையைக் கொண்டே நியூட்டனை அறிந்தவர் நம்மவரில் அநேகர். அம்மேதை முடியாதென்று தீர்மானித்த இரண்டு காரியங்களின் கதியை அறிந்தோர் சிலரே. பொதுக் காரியங்களில் உழைப்போருக்கு இப்பகுதியே அதிகப் பயன் தருமென்பது நமது அபிப்பிராயம்.

1642-ம் வருஷத்தில், இங்கிலாந்தின் வுல்ஸ்தோர்ப் என்னும் சிற்றூரில், தந்தை இறந்த பின் பிறந்தவர் அவர். கேம்பிரிட்ஜில் பயின்று வருகையில் 1665-ல் பிளேக் நோய் பரவிற்று, கலாசாலை மூடப்பட்டது. அக்காலத்தையொட்டி அவர் முப்பட்டைக் கண்ணாடியால் வெள்ளொளியைப் பல நிறங்களாகப் பிரித்து ஆராய்ந்தார். வில்லைகளாலாகிய தூரதரிசினியில் நிறங்கள் சிதறியே தீரும், அதற்குப் பரிகாரமில்லை என்று முடிவு செய்தார். ஆகவே வில்லையைத் தள்ளி, உலோகத்தை வார்த்து, தம் கையாலேயே தேய்த்து மெருகிட்டு, 1668-ல் ஆடியைக் கொண்ட தூரதரிசினியொன்றைச் செய்து முடித்தார். அதன் நீளம் சுமார் ஆறு அங்குலமே. அவர் செய்த மற்றொன்றைக் கண்டு வியந்த ராயல் ஸொஸைட்டியார் 1672-ல் அவரைத் தம் அங்கத்தினராக்கினர்.

1704-ல் வெளியிட்ட ஒளிநூலில் இரண்டாவது தடையைக் கூறினார். நக்ஷத்திரங்கள் மினுக்குவது காற்றின் நடுக்கத்தால். எவ்வளவு நேர்த்தியான கருவியும் அக்குழப்பத்தை நீக்க மாட்டாது. உயர்ந்த மலைச்சிகரங்களின் அமைதியான காற்றை நாடுவதே வழி என்பது அவர் துணிபு. 1727-ல் அவர் காலஞ்சென்றார்.

அப்பால் நடந்ததென்ன? 1758-ல் ஜான் டாலண்ட் இருவகைக் கண்ணாடிகளை இணைத்து, நிறச்சிதறலைப் பெரிதும் போக்கினார். 1953-ல் ஹொரேஸ் பாப்காக் என்னும் அமெரிக்க வானசாஸ்திரி, காற்று செய்யும் கோளாற்றை அளந்து உடனுக்குடன் திருத்தலாமென்று யோசனை கூறினார். ஹவாயித் தீவின் மௌனா கீ சிகரத்தில் இன்று இரண்டு கெக் தூரதரிசினிகள் நிற்கின்றன. பத்து மீட்டர் அகலமுள்ள ஆடியை ஒரே துண்டாகச் செய்தால் பாரத்தால் உருக்குலையுமாதலால், 36 அறுகோணத் துண்டுகளைச் சேர்த்து ஒவ்வொன்றையும் அமைத்தனர். 1999 முதல் அங்கே வளையத்தக்க சிற்றாடியொன்று, விநாடிக்குப் பல நூறு முறை தன் வடிவை மாற்றி, காற்று கலைத்த ஒளியை ஒழுங்குபடுத்தி வருகிறது.

இதனால் நியூட்டனின் பெருமை குறைந்துவிடவில்லை. ஆடியைக் கொள்ளச் சொன்னார், கொண்டனர். மலையேறச் சொன்னார், ஏறினர். முடியாதென்று அவர் நின்ற இடத்தில் மட்டும் பின்னோர் நிற்க மறுத்தனர். தலைவர்களின் வாக்கைக் கேட்டு நடப்பது தொண்டர் கடமையே. ஆனால் பெரியார் ஒருவர் முடியாதென்றாரென்பதற்காக முயற்சியைக் கைவிடுவது, அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.