அந்நியருக்கு வீடு தேடிய ஆயர்: புனித ஸ்கலபிரினி

சென்னை சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு கும்மிடிப்பூண்டி மின்சார இரயிலில் ஏறும் ஒடிசா, பீகார் இளைஞர்களை நாம் அடிக்கடி பார்க்கிறோம். அவர்கள் இரவில் எங்கே தலைசாய்க்கிறார்கள் என்று நாம் கேட்டதுண்டா? அந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் பணியாக்கிய ஓர் ஆயரை இன்று நினைவுகூர்வோம்.

ஜோவான்னி பத்திஸ்தா ஸ்கலபிரினி 1839-ஆம் ஆண்டு ஜூலை 8 அன்று, வட இத்தாலியில் கோமோ நகருக்கு அருகே பிறந்தார். 1863-இல் குருவானார். 1876-இல், தம் 36-ஆம் வயதில், பியாச்சென்சா ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1879-80 பஞ்சத்தின்போது தம் குதிரைகளை விற்று ஏழைகளுக்கு உணவளித்தார்.

ஒருமுறை மிலான் இரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான ஏழைகள் அமெரிக்கா செல்லக் காத்திருந்ததைக் கண்டார். முதியோர், தாய்மார், சிறுவர்! அந்தக் காட்சி அவர் மனதைவிட்டு அகலவில்லை. 1887 நவம்பர் 28 அன்று, புலம்பெயர்ந்தோருக்குப் பணியாற்ற மறைப்பணியாளர் சபையைத் தொடங்கினார். துறைமுகங்களில் முகவர்களின் ஏமாற்றிலிருந்து அவர்களைக் காக்க, பொதுநிலையினரைக் கொண்டு புனித இரபேல் கழகத்தையும் ஏற்படுத்தினார். புனித பிரான்சிஸ் சேவியர் கபிரினி 1889-இல் நியூயார்க் செல்லத் தூண்டியவர்களில் இவரும் ஒருவர்.

அவர் அனுப்பிய குருக்களில் ஒருவர் பியெத்ரோ பாந்தினி. ஆர்கன்சா மாநிலத்தில் பருத்தித் தோட்டம் ஒன்றில் மலேரியாவால் மடிந்துகொண்டிருந்த இத்தாலியர்களை அவர் கண்டார். 1898-இல் அவர்களில் சுமார் நாற்பது குடும்பங்களை மேட்டுநிலத்துக்கு அழைத்துச் சென்றார். சொந்த நிலம், வீடு, ஆலயம், பள்ளி என ஓர் ஊரையே திட்டமிட்டு அமைத்தார். அக்கம்பக்கத்தார் முதலில் வெறுத்தனர். ஆனால் டோன்டிடவுன் என்ற அந்த ஊர் திராட்சைத் தோட்டங்களோடு இன்றும் வாழ்கிறது. தங்க நல்ல இடம் கிடைத்ததால் அந்நியர் ஊர்க்காரர் ஆயினர்.

ஸ்கலபிரினி 1901-இல் அமெரிக்காவுக்கும் 1904-இல் பிரேசிலுக்கும் சென்று தம் மக்களைச் சந்தித்தார். 1905 ஜூன் 1 அன்று இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 அக்டோபர் 9 அன்று அவரைப் புனிதராக உயர்த்தினார்.

கும்மிடிப்பூண்டி முகாமில் ஈழத்துச் சகோதரர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கின்றனர். அங்கே பிறந்த பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டனர். 2021-இல் தமிழக அரசு, மாநிலம் முழுவதும் உள்ள இத்தகைய முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாக அறிவித்தது. வரவேற்கத்தக்க செயல். அரசு சுவர் எழுப்பலாம். அக்கம்பக்க உறவை நாம்தான் எழுப்ப வேண்டும்.

சிப்காட் தொழிலாளருக்கும் செங்கல் சூளைக் குடும்பங்களுக்கும் நாம் என்ன செய்கிறோம்? 'வடக்கத்தியருக்கு வீடு இல்லை' என்கிறோம். அல்லது ஒரே அறையில் பத்துப் பேரை அடைத்து, தலைக்கு இவ்வளவு என வாடகை வாங்குகிறோம். தண்ணீரும் கழிப்பறையும் காற்றோட்டமும் உள்ள அறையை நியாயமான வாடகைக்குக் கொடுப்பதும் நற்செய்திப் பணியே. அவர்களின் குழந்தைகளை அருகிலுள்ள பள்ளியில் சேர்த்துவிடுவோம். நம் அன்பியக் கூட்டத்துக்கும் திருவிழாவுக்கும் அவர்களை அழைப்போம்.

எகிப்தில் அந்நியராக வாழ்ந்த திருக்குடும்பம் இன்று நம் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால், நாம் கதவைத் திறப்போமா?

புனித ஸ்கலபிரினியே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.