கல்லில் கணக்கெழுதிய மாமன்னன் இராஜராஜ சோழன்

நமது ஆலய ஆண்டு மலருக்கு இம்முறை ஒரு பேரரசரின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க்குழுப் பிள்ளைகள் கேட்டார்கள். 2022ஆம் ஆண்டு பொன்னியின் செல்வன் திரைப்படம் வந்தது முதல் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அருள்மொழிவர்மன் மீது தனி ஆசை. முப்பது வருடங்களுக்கு மேல் அரசாங்க இலிகிதராகக் கணக்குப் பேரேடுகளோடு வாழ்ந்தவன் நான். அந்த மன்னரின் வாளைவிட அவர் எழுதி வைத்த கணக்குத்தான் என்னைக் கவர்ந்தது. ஆகவே கட்டுரையும் அந்தப் பக்கமே சாயும். அடியார்கள் பொறுத்தருள வேண்டும்.

கி.பி. 850ஆம் ஆண்டளவில் விஜயாலயன் தஞ்சையைக் கைப்பற்றியதோடு பிற்காலச் சோழர் எழுச்சி தொடங்கியது. அவருடைய பேரன் முதலாம் பராந்தகன். அவரது ஆட்சியில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஊர்ச்சபைக்குக் குடவோலை முறையில் ஆள் தெரிவு செய்யும் விதிகளைச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும்கூட, மறுபடி தெரிவுக்கு நிற்க முடியாது என்பது அவற்றில் ஒரு விதி. (நமது பரிபாலன சபையில் இந்த விதியைக் கொண்டுவந்தால் எத்தனை பேர் மிஞ்சுவோம் என்று நான் சொல்ல மாட்டேன்.)

அந்தப் பராந்தகனின் கொள்ளுப் பேரனே நமது நாயகர். தந்தை சுந்தர சோழர், தாய் வானவன் மாதேவி, பிறந்த நட்சத்திரம் சதயம், இயற்பெயர் அருள்மொழி. தமையன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டார். அதன்பின் சிற்றப்பன் முறையான உத்தம சோழர் ஆண்டு முடித்து, 985ஆம் ஆண்டில்தான் அருள்மொழி அரியணை ஏறினார். கொலையில் சம்பந்தப்பட்ட சகோதரர்களின் சொத்துக்களைப் பறிமுதல் செய்த செய்தி, அவரது இரண்டாம் ஆட்சியாண்டில் உடையார்குடிக் கல்வெட்டில் வருகிறது. தமக்கை குந்தவைப் பிராட்டியிடம் அவருக்கு இருந்த மரியாதை கடைசிவரை குறையவில்லை.

அதன்பின் வந்த வெற்றிகளை வேகமாகவே சொல்லி விடுகிறேன். சேர நாட்டுக் காந்தளூர்ச் சாலை, பாண்டி நாடு, கங்கபாடி, நுளம்பபாடி, வேங்கி, கொல்லம், கலிங்கம், கடைசியாகக் கடல் நடுவே மாலைதீவுகள். இவ்வெற்றிகளை வரிசைப்படுத்திக் கல்வெட்டின் தலைப்பில் மெய்க்கீர்த்தியாகப் பாடும் வழக்கத்தை ஒழுங்காக நிலைபெறச் செய்தவரும் அவரே.

ஈழத்தின் கதையில் மட்டும் சற்று நின்றுதான் போக வேண்டும், ஏனெனில் அது நமது ஊவாவைத் தொட்டுச் செல்கிறது. அக்காலத்தில் அநுராதபுரத்தில் இருந்து ஆண்டவர் ஐந்தாம் மகிந்தன். குடிமக்கள் வரி செலுத்தவில்லை, படைவீரருக்குச் சம்பளம் கொடுக்க மன்னரிடம் பணமில்லை, வீரர்கள் அரண்மனையையே சூழ்ந்து கொண்டார்கள் என்று சூளவம்சம் கூறுகிறது. மன்னர் சுரங்க வழியாகத் தப்பி உறுகுணைக்குப் போனார். நாட்டின் நிலையைக் குதிரை வியாபாரி ஒருவன் சோழ மன்னருக்குச் சொன்னானாம். 993ஆம் ஆண்டளவில் சோழப்படை கடல் கடந்து வந்து வட பகுதியைப் பிடித்தது. ஓர் அரசு வெளியிலிருந்து விழுவதற்கு முன் சம்பளப் பட்டியலில் விழுந்து விட்டது. சம்பள நாளில் காசு வராவிட்டால் என்ன நடக்கும் என்று தோட்டத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பொலன்னறுவை சனநாதமங்கலம் என்ற பெயரில் சோழரின் தலைநகராயிற்று. ஈழம் மும்முடிச் சோழமண்டலம் ஆயிற்று. மாதோட்டத்தில் இராஜராஜேஸ்வரம் எழுந்தது. திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரை, இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரோடு தமிழரின் தானங்களைப் பெற்றது. நாகபட்டினத்தில் கடாரத்து மன்னர் கட்டிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே இராஜராஜர் கொடுத்தார். சிவபாதசேகரன் என்று பெயர் கொண்டவர் புத்த பள்ளிக்கும் கொடுத்ததை நமது பிள்ளைகள் மறந்துவிடக் கூடாது.

ஆனால் உறுகுணை அவர் கைக்கு வரவில்லை. ஊவாவின் கிழக்கும் தெற்கும் அந்த உறுகுணையில் அடங்கியவைதான். மகிந்தன் அங்கே வருடக்கணக்காக இருந்தார். இராஜராஜரின் மகன் இராஜேந்திரனின் படை 1017இல்தான் அவரை முடியோடும் அணிகலன்களோடும் சிறைப்பிடித்தது. அப்போது விகாரைகள் சூறையாடப்பட்டதையும் சூளவம்சம் எழுதி வைத்திருக்கிறது. அதை நாம் பெருமையாகப் பேசக்கூடாது. சிறைப்பட்ட மன்னர் 1029இல் சோழ நாட்டிலேயே காலமானார். அதே உறுகுணையிலிருந்து எழுந்த முதலாம் விஜயபாகு 1070இல் சோழரை வெளியேற்றினார்.

இன்னொன்றையும் சொல்லி விடுகிறேன். நாங்கள் சோழப் படையோடு வந்தவர்கள் என்று சில இளைஞர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. நமது பாட்டன்மார் திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் கங்காணிமாரோடு வந்தவர்கள். வாளோடு வரவில்லை, கூடையும் மண்வெட்டியும் பிடிக்க வந்தார்கள். வந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு மாரியம்மன் என்று கும்பிட்டார்கள். எனக்கு அந்த வரலாறே போதுமான பெருமை.

இனி கணக்கு. ஆட்சியின் 16, 17ஆம் ஆண்டளவில், அதாவது 1001ஐ ஒட்டி, இராஜராஜர் நாடு முழுவதையும் அளக்கச் செய்தார். அந்தப் பணியை நடத்திய அதிகாரிக்கு உலகளந்தான் என்ற பட்டமே கிடைத்தது. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. அதையும் மறுபடி 320ஆகப் பிரித்துக் கீழ்முந்திரி வரை நிலத்தைக் குறித்தார்கள். கல்குலேட்டர் இல்லாத காலம்! அந்த அளவை இருந்தபடியால்தான் வரி வந்தது, வரி வந்தபடியால்தான் தஞ்சைப் பெரிய கோயில் எழுந்தது.

குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சரின் கைவண்ணத்தில் 13 நிலைகளோடு, 200 அடிக்கு மேல் உயர்ந்த விமானம் அது. 1010ஆம் ஆண்டு, ஆட்சியின் 25ஆம் வருடம் 275ஆம் நாள், உச்சியில் வைக்கச் செப்புக் குடத்தை மன்னர் கொடுத்தார். செப்பின் நிறை 3083 பலம், மேலே போர்த்திய பொன் 2926½ கழஞ்சு. அரைக் கழஞ்சையும் விடவில்லை.

அடுத்த வருடம் அரண்மனைத் திருமஞ்சன சாலையில் இருந்தபடி ஓர் உத்தரவிட்டார். தாம் கொடுத்தவை, தமக்கை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை எல்லாவற்றையும் ஸ்ரீவிமானத்துக் கல்லில் வெட்ட வேண்டும் என்பதே அது. அந்த மற்றவர் என்ற சொல்லை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சக்கரவர்த்தியின் பொன் இருக்கும் அதே கோயிலில், ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் நாயன்மாருக்குச் செய்து வைத்த செப்புத் திருமேனிகளும் எழுதப்பட்டன. இவர் கோயில் நிர்வாகி, அதாவது என்னைப் போன்றவர். நகைகளை எழுதும்போது முத்துக்களை எண்ணி, குறையுள்ள முத்தைக் குறையுள்ளது என்றே எழுதினார்கள். வேறு ஊர்க் கோயில்களிலிருந்து அழைக்கப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்கள் ஒவ்வொருவர் பெயரும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் உண்டு. ஒருவருக்கு வருடம் 100 கலம் நெல். திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கைக்கும் கொட்டி மத்தளத்துக்கும் இருவர், நாளுக்கு ஆளுக்கு மூன்று குறுணி நெல். ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு. அந்த ஆடுகளைப் பொறுப்பேற்ற இடையர்களின் பெயர்கூடக் கல்லில் இருக்கிறது. நமது தோட்டக் கணக்கப்பிள்ளையின் செக்ரோல் போல!

1014இல் மன்னர் மறைந்தார். சோழராட்சியும் 13ஆம் நூற்றாண்டில் முடிந்தது. காலப்போக்கில் கோயிலைக் கட்டியவர் யார் என்பதையே ஊரார் மறந்து வேறு கதைகள் சொன்னார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மானியரான ஹூல்ஷ் அந்தச் சுவர்களைப் படித்துத்தான் இராஜராஜரை மீட்டெடுத்தார். பேரரசரை நமக்குத் திருப்பித் தந்தது அவருடைய கணக்கெழுத்தே.

இதைப் படித்த பிறகு நமது கோயில் மண்டபத்துச் சுவரில் உள்ள பளிங்குப் பலகை என் கண்ணை உறுத்துகிறது. மண்டபம் கட்டியபோது 5,000 ரூபாவுக்கு மேல் கொடுத்தவர்களின் பெயரை மட்டும் பொறிப்போம் என்று சபையில் பிரேரித்தவன் நானேதான். இடம் போதாது, செலவு கூடும் என்றேன். பலகையில் 34 பெயர் இருக்கிறது. மாதாமாதம் சம்பளத்தில் கோயில் காசு பிடிக்கப்பட்ட கொழுந்தெடுக்கும் தாய்மார் ஒருவர் பெயரும் இல்லை. அதற்கு முந்திய தலைமுறையின் வரிக் கொப்பிகளோ, அலுமாரியின் அடித்தட்டில் கறையான் அரித்துப் போயின. மணி வாங்கிக் கொடுத்தது யார் என்று இன்று கேட்டால் மூன்று குடும்பம் மூன்று பெயர் சொல்கிறது.

போன தைப்பூசத்திலிருந்து புதிய கொப்பியொன்றில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மேல் லயம், கீழ் லயம், பங்களா லயம் என்று வீட்டு வரிசையாகப் போகிறது. இறந்தவர்களையும் சேர்க்கிறேன். இதுவரை 187 பெயர் வந்திருக்கிறது. பங்களா லயத்தில் கடைசி ஏழு வீடு பாக்கி. கொப்பி ஆலய அலுவலக மேசையில் இருக்கும். விடுபட்ட பெயர் தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்த பின் வந்து சொல்லலாம். கொடுத்த தொகை நினைவில்லாவிட்டாலும் பரவாயில்லை.