கப்பலில் போட்ட கணக்கு. 53 ஆண்டு கழித்து நோபல் பரிசு!

கறம்பக்குடி—
மாசி மாதத்து ராத்திரியில் கறம்பக்குடியில் வெளியே வந்து, தெற்கே அண்ணாந்து பாருங்கள். ஒரு நட்சத்திரம் மற்ற எல்லாவற்றையும் விட பளிச்சென்று மின்னும். அதன் பெயர் சிரியஸ்.

அதற்கு ஒரு ஜோடி உண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. எரிந்து முடிந்து, பூமி அளவுக்குச் சுருங்கிப்போன நட்சத்திரம் அது. எடை மட்டும் சூரியன் அளவு! இந்த மாதிரி நட்சத்திரத்துக்கு வெள்ளைக் குள்ளன் என்று பெயர்.

குள்ளன் எவ்வளவு எடை தாங்குவான் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் ஒரு தமிழர். அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சித்தப்பா ராமன்

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19-ந் தேதி லாகூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய அய்யர், ரெயில்வே கணக்கு இலாகா அதிகாரி. சர் சி.வி.ராமன் இவருக்கு சித்தப்பா. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தார்.

1930 ஜூலையில், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். தாயார் சீதாலட்சுமி அப்போது நோயாளி. என்றாலும் மகனைப் போகச் சொன்னவரே அவர்தான். அடுத்த ஆண்டு தாயார் காலமானார். மகனை அவர் திரும்பப் பார்க்கவே இல்லை.

கப்பலில் சந்திரசேகர் சும்மா உட்காரவில்லை. கணக்குப் போட்டார். ஓர் எல்லைக்கு மேல் எடை போனால் குள்ளன் தாங்க மாட்டான், மேலும் சுருங்குவான் என்று விடை வந்தது. அந்த எல்லை சூரியனைப்போல சுமார் 1.4 மடங்கு என்று பிறகு தெளிவாயிற்று.

சபையில் சிரிப்பு

1935 ஜனவரி 11-ந் தேதி. லண்டன் ராயல் வானியல் கழகத்தில் இதை விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தார் எடிங்டன். வானியலில் அன்று அவர் சொன்னதுதான் வேதவாக்கு. அவர் இதைக் கேலி செய்தார். சபை சிரித்தது.

24 வயது வாலிபருக்கு ஆதரவாக பெரியவர்கள் யாரும் வெளிப்படையாகப் பேசவில்லை. சந்திரசேகர் சண்டை போடவில்லை. 1936-ல் லலிதாவை மணந்தார். 1937-ல் அமெரிக்கா போய் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தன் கணக்கை ஒரு புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டு, வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்.

காலம் அவர் பக்கம் திரும்பியது. பெரிய நட்சத்திரங்கள் சுருங்கினால், வெளிச்சம் கூட தப்ப முடியாத கருந்துளை ஆகலாம் என்று உலகம் ஒப்புக்கொண்டது. 60 வயதுக்கு மேல் சந்திரசேகரே கருந்துளை ஆராய்ச்சியில் இறங்கினார். 1983-ல் அதுபற்றி பெரிய நூல் வெளியிட்டார். அதே ஆண்டு நோபல் பரிசும் வந்தது.

எடிங்டன் மீது அவர் பகை பாராட்டவில்லை. 1982-ல் கேம்பிரிட்ஜில் அவரைப் போற்றி சொற்பொழிவு ஆற்றினார்.

சந்திரசேகர் 1995 ஆகஸ்டு 21-ந் தேதி சிகாகோவில் மரணம் அடைந்தார். 1999 ஜூலையில் அமெரிக்கா விண்ணில் ஏவிய எக்ஸ்ரே டெலஸ்கோப்புக்கு சந்திரா என்று அவர் பெயரையே வைத்தார்கள். கருந்துளைகளைச் சுற்றி நடப்பதைப் படம் பிடிப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.